தோசையும் வேண்டும், பழைய பேன்ட்டும் பொருந்த வேண்டும்

திங்கட்கிழமை காலை ஓட்ஸ் கஞ்சியில் ஆரம்பித்து வெள்ளிக்கிழமை ராத்திரி பரோட்டாக் கடையில் முடியும் டயட் நமக்குப் புதிதில்லை. தப்பு பரோட்டாமேல் இல்லை. பிடித்ததை எல்லாம் முதல் நாளே தட்டிலிருந்து தூக்கிவிட்டு, எடையை உண்மையில் ஏற்றிக்கொண்டிருந்தவற்றை அப்படியே விட்டுவைத்ததுதான் தப்பு.

மாதம் ஒன்றிரண்டு முறை சாப்பிடும் பிரியாணியால் தொப்பை வருவதில்லை. தாளிக்கும்போது கண் அளவில் விழும் எண்ணெய், மோருக்கென்று மூன்றாம் முறை போட்டுக்கொள்ளும் சோறு, சீரியல் முடிவதற்குள் தீர்ந்துபோகும் மிக்சர், பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசை. இவற்றில் எதையும் யாரும் ஆசைப்பட்டுச் சாப்பிடுவதில்லை. சும்மா உள்ளே போகிறது. இந்தச் 'சும்மா'வைக் குறைத்தால் ஆசைப்பட்டதற்கு இடம் கிடைக்கும். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்குதான்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுவோம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும்போது மருந்தின் அளவையும் மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

தையல் டேப் ஒன்று, சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று, 5 மி.லி. (ஒரு டீஸ்பூன்) அளவு ஒன்று. கடைசியதற்கு இருமல் மருந்து பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியே போதும்.

இடுப்பை அளக்கும்போது பெல்ட் போடும் இடத்தில் டேப்பை வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. தொப்பை அதற்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும், அளவு மட்டும் 34 அங்குலம் என்று காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு, வயிற்றை எக்காமல் அளவெடுங்கள். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. எல்லை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் பி.எம்.ஐ. கணக்கிலும் நமக்கு எல்லை தாழ்வு: 23-ஐத் தொட்டால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடற்பருமன். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது சுமார் 62.5 கிலோவும் 68 கிலோவும். உடல் பார்க்க ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பவர்கள் நம்மிடையே நிறைய. அவர்கள் தராசைவிட டேப்பை நம்புவதே சரி.

அந்த ஏழு நாளும் வழக்கம்போலவே சாப்பிடுங்கள், ஆனால் வாயில் போட்டதை எல்லாம் எழுதுங்கள். சட்னி ருசி பார்த்தது, கடையில் 'டேஸ்ட் பாருங்க' என்று கொடுத்த துண்டு, டீயோடு போன இரண்டு பிஸ்கட் எல்லாமே கணக்கு. ராத்திரி உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். சாப்பிட்ட கையோடு எழுதிவிட வேண்டும்.

வாரக் கடைசியில் நோட்டைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஆசை' அல்லது 'சும்மா' என்று குறியுங்கள். ஆசை என்று குறித்ததில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம்.

எவ்வளவு குறைய வேண்டும்?

ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. தினமும் 350 கலோரி குறைத்தால் மாதம் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ இறங்கும். 'ஒரே மாதத்தில் 10 கிலோ' விளம்பரங்களில் இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீரும் தசையும். தண்ணீர் ஒரே வாரத்தில் திரும்பிவிடும், தசை அவ்வளவு எளிதில் திரும்பாது.

350-ஐ எங்கிருந்து எடுப்பது? எண்ணெயில் 3 டீஸ்பூன் குறைத்தால் 120. அரிசியில் 40 கிராம் என்றால் 140. சர்க்கரையில் 3 டீஸ்பூன் என்றால் 60. ஒரு கைப்பிடி மிக்சர் 150-ஐ ஒட்டி வரும். நாலில் மூன்றைப் பிடித்தாலே கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடும். இந்தப் பட்டியலில் உங்களுக்குப் பிடித்த பலகாரத்தின் பெயர் ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா?

எண்ணெய்: கை வைக்க வேண்டிய முதல் இடம்

நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் தீர்கிறது என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மி.லி., அதாவது சுமார் 270 கலோரி. இரண்டரை லிட்டரில் முடித்தால் 170-தான் வரும். தட்டில் ஒரு பருக்கையைக்கூடக் குறைக்காமல் ஆளுக்கு நூறு கலோரி மிச்சம். செக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், ரிஃபைண்ட் எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரிதான். செக்கில் ஆட்டியது என்பதற்காகக் கூடுதலாக ஊற்றச் சலுகை கிடையாது.

சமைப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அதனால் பாட்டிலைப் பிடியுங்கள். ஞாயிறன்று 600 மி.லி. எண்ணெயைத் தனி பாட்டிலில் ஊற்றி அடுப்பங்கரையில் வைத்துவிட்டு, கேனை உள்ளே பூட்டாத குறையாக ஒதுக்கிவிடுங்கள். நாலு பேருக்கு ஒரு வாரம் அதுதான். முதல் வாரம் வியாழனே தீர்ந்துவிடும், பரவாயில்லை. எங்கே போகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

பெரும்பாலும் அது பொரியலில் போகிறது. எண்ணெயைக் காயவைத்து, தாளித்து, அதிலேயே காயைக் கொட்டி வதக்கும்போது காய் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். சட்டி காய்ந்ததும் இன்னொரு கரண்டி விழும். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். கால் கிலோ பீன்ஸுக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர், உப்பு, மூடி போட்டு ஆறேழு நிமிடம். தண்ணீர் சுண்டியதும் தாளிப்புக் கரண்டியில் ஒன்றரை டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை பொரித்து மேலே கொட்டி ஒரு பிரட்டு. எண்ணெய் காய்க்கு உள்ளே இறங்காமல் மேலேயே நிற்பதால் நாக்கில் முதலில் படுவது தாளிப்பின் வாசனைதான், குறைத்தது தெரியாது. கத்தரிக்காய்க்கு இது இன்னும் முக்கியம். அதன் சதை பஞ்சுபோலக் காற்றை வைத்திருக்கும், போட்ட எண்ணெயை எல்லாம் குடித்துவிடும். உப்புப் போட்டு ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து அந்தப் பஞ்சு அமுங்கிய பிறகு சட்டிக்கு மாற்றினால் பாதி எண்ணெய் போதும். உருளைக்கிழங்கு ரோஸ்ட்டுக்கு முக்கால் பதம் வேகவைத்து, ஈரம் உலரவிட்டு, பிறகு போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் மொறுமொறுப்பு வராது. வரவில்லை என்று கை தானாக எண்ணெய்ப் பாட்டிலுக்குப் போகும்.

தோசையும் அப்படித்தான். கல்லில் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம், எண்ணெய் இல்லை. கல் புகையக் காய்ந்தால் மாவு விழுந்த இடத்திலேயே பிடித்துக் கரண்டியோடு சுருண்டு வரும். காயாவிட்டால் அடி வேகாமல் ஒட்டும். நாலு துளி தண்ணீர் தெளித்தால் 'சுர்'ரென்று ஓடி ஆவியாக வேண்டும். பிறகு அரை வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் லேசாகத் தொட்டுக் கல்லில் தேய்த்து, தீயைத் தணித்து மாவை ஊற்றிப் பரப்பி, பரப்பியதும் தீயைக் கூட்டுங்கள். ஓரத்தைச் சுற்றி அரை டீஸ்பூன் போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை உடனே ஊற்றாமல் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். சில்லென்ற மாவு கல்லின் சூட்டை இறக்கிவிடும்.

நெய் ரோஸ்ட் ஆசையா? வாரத்தில் ஒரு நாள் ஒரு தோசைக்கு இரண்டு டீஸ்பூன் நெய்யைத் தாராளமாக ஊற்றி, சூடாக, உட்கார்ந்து சாப்பிடுங்கள். தினமும் மூன்று தோசையில் பேர் தெரியாமல் போகும் எண்ணெயைவிட அது எவ்வளவோ மேல்.

வடை போடும் நாளில் எண்ணெயைச் சரியாகக் காயவிடுங்கள். ஒரு சொட்டு மாவு போட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வர வேண்டும். காயாத எண்ணெயும் நீர்த்த மாவும் சேர்ந்தால் வடை எண்ணெயைக் குடிக்கும். சோடா மாவு அதிகமானாலும் அப்படியே. அப்பளத்தை நேரடித் தீயில் சுட்டுக்கொள்ளலாம், அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. தேங்காய்ச் சட்னிதான் ஆளை ஏமாற்றும். 100 கிராம் தேங்காயில் 350 கலோரிக்கு மேல். பாதித் தேங்காய்க்குப் பதில் கால் மூடியும் மிச்சத்துக்குப் பொட்டுக்கடலையும் வைத்து அரைத்துப் பாருங்கள். இல்லையென்றால் தக்காளிச் சட்னிக்கு மாறி, தேங்காயை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சோற்றை விடாமல் சோற்றைக் குறைப்பது

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், தானியங்களிலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 45 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 900 கலோரி, அதாவது இட்லி அரிசி, கோதுமை, ரவை எல்லாம் சேர்த்து நாள் முழுதுக்கும் 250 கிராம் தானியம். மதியச் சோற்றுக்கே ஆளுக்கு 150 கிராம் அரிசி போடும் வீடுகளில் இரவுத் தோசைக்கு முன்பே இந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

மதியத்துக்கு ஆளுக்கு 75 கிராம் அரிசி அளந்து போடுங்கள். வெந்தால் 200 கிராமுக்குச் சற்று மேல் வரும். ஒரு முறை தராசில் நிறுத்து, உங்கள் வீட்டுக் கரண்டியில் அது எத்தனை என்று தெரிந்துகொண்டால் அப்புறம் தராசு வேண்டாம்.

நம் சாப்பாட்டு முறையில் ஒரு சிக்கல் உண்டு. சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. ஒவ்வொரு முறையும் 'கொஞ்சம்' என்றாலும் மூன்று கொஞ்சம் சேர்ந்தால் அதிகம்தான். அந்த 200 கிராமை முதலிலேயே தட்டில் இரண்டாகப் பிரித்து வையுங்கள்: பெரிய பங்கு சாம்பாருக்கு, சின்னது மோருக்கு. ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பாட்டுக்கு முன் சூடாகக் குடித்துவிடுங்கள். ரசமும் மோரும் போகவில்லை, ஒரு சுற்றுச் சோறு மட்டும் போயிற்று.

சோற்றுக்கு முன் காய். 150 கிராமாவது பொரியலோ கூட்டோ முதலில் சாப்பிட்டுவிட்டு, பருப்பு, முட்டை, மீன் என்று போய், கடைசியில் சோற்றுக்கு வாருங்கள். ரத்தச் சர்க்கரையும் ஒரேயடியாக ஏறாது. தொட்டுக்கொள்ள இருந்தது பசிக்கு முதலில் போய்விடுவதால், சோறு தானாக மிஞ்சும்.

சாமை, தினை, வரகுக்கு மாறினால் இளைக்கலாம் என்று நம்பி இரண்டு மடங்கு சாப்பிடுபவர்கள் உண்டு. எடைக்கு எடை கலோரியில் அவையும் அரிசிக்கு அண்ணன் தம்பிதான். நார்ச்சத்து கூடுதல் என்பதால் சீக்கிரம் நிறையும், அதற்காகச் சாப்பிடலாம். ஆனால் அளவு அதே 75 கிராம்தான்.

பருப்பு, முட்டை, மீன்

சோற்றைக் குறைத்ததும் நாலு மணிக்கே பசித்தால் புரதம் போதவில்லை என்று அர்த்தம். 60 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு 60 கிராமாவது பார்த்துக்கொண்டால், இளைக்கும்போது தசை கரையாமல் இருக்கும். நாலு இட்லியும் தண்ணீராக ஓடும் சாம்பாரும் பத்துப் பன்னிரண்டு கிராமைத் தாண்டாது. இரண்டு முட்டையில் 12 கிராம். 100 கிராம் மீனில் சுமார் 20. காய்ந்த சோயா உருண்டை 30 கிராமில் 15. 50 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்துச் செய்த சுண்டலில் 10. ஒரு பெரிய கிண்ணம் தயிரில் ஆறேழு. சைவர்கள் வாரம் இரண்டு ராத்திரி தோசைக்குப் பதில் அடை போடுங்கள், அரிசி ஒரு பங்கு, பருப்பு எல்லாம் சேர்த்து ஒன்றரைப் பங்கு. மாவு கரகரப்பாக இருக்க வேண்டும், நைசாக அரைத்தால் அடை ரப்பர் மாதிரி வரும்.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதை நம்பிக் கொள்ளு வேகவைத்த தண்ணீரை மட்டும் குடிப்பதில் பயன் குறைவு. கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. 100 கிராமில் 22 கிராம் புரதமும் நிறைய நார்ச்சத்தும் இருப்பதால் வயிறு நிறையும், அவ்வளவுதான். அந்தப் பலன் பயறில் இருக்கிறது. சுண்டலாக, துவையலாகச் சாப்பிடுங்கள்.

'சும்மா'

ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 30 கிராம். சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. 2,000 கலோரியில் 5 சதவீதம் 25 கிராம். காபியிலேயே தாண்டிவிட்டது, ஜாங்கிரிக்குப் பாக்கி எங்கே? ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், நாலாம் நாள் திரும்பிவிடுவீர்கள். வாரத்துக்குக் கால் டீஸ்பூன் குறையுங்கள், இரண்டிலிருந்து ஒன்றுக்கு ஒரு மாதத்தில் இறங்கிவிடலாம். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி என்று மாறினால் வாசனை மாறும், கலோரி மாறாது. பாலைக் கவனிக்க மறக்காதீர்கள்: ஆவின் நீல பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, ஆரஞ்சில் 6.

நொறுக்குத் தீனிக்கு ஒரே விதி: டப்பாவோடு உட்காரக் கூடாது. சின்னக் கிண்ணத்தில் 20 கிராம் எடுத்துக்கொண்டு டப்பாவைப் பரண் பக்கம் அனுப்புங்கள். பிள்ளைகள் மிச்சம் வைத்தால் மறுவேளைக்கு மூடி வையுங்கள், அல்லது முதலிலேயே குறைவாகப் பரிமாறுங்கள். 'வீணாப் போகுதே' என்று அம்மாக்கள் சாப்பிடும் அரைத் தோசை, கால் வடை எதுவும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

பிரியாணி, பந்தி, பலகாரம்

இதற்காகத்தானே இவ்வளவும்.

பிரியாணி நாளில் காலையில் பட்டினி கிடக்காதீர்கள். பட்டினியோடு உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடத்தில் தட்டு காலியாகும், வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேர அதற்கு மேல் ஆகும். காலை இரண்டு முட்டையோ சுண்டலோ போதும். பல கடைகளில் ஒரு பார்சல் என்பது இரண்டு பேர் சாப்பாடு. பிரித்ததுமே பாதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், சாப்பிட்ட பிறகு மாற்றலாம் என்றால் நடக்காது. கறித்துண்டு, முட்டை, வெங்காயப் பச்சடியைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். விட வேண்டியது கூட வரும் கோலாவை: 300 மி.லி.யில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. பரோட்டா என்றால் இரண்டு, கூடவே ஆம்லெட்டோ சிக்கனோ. சால்னாவில் ஊறவைக்காமல் தொட்டுச் சாப்பிட்டால் எண்ணெய் குறையும், அடுக்கும் மொறுமொறுப்பாக நிற்கும்.

கல்யாணப் பந்தியில் இனிப்பு, வடை, பாயசம், இரண்டாம் சோறு இந்த நாலில் எந்த இரண்டு என்று இலையில் உட்காருவதற்கு முன்பே முடிவெடுங்கள். உட்கார்ந்தபின் பரிமாறுபவரின் கரண்டிதான் முடிவெடுக்கும். உறவுக்காரர் வீட்டில் 'வேண்டாம்' என்ற சொல் எடுபடாது, மனத்தாங்கலும் வரும். "அத்தை, சோறு போதும், அந்தக் கூட்டு நல்லா இருக்கு, இன்னொரு கரண்டி வைங்க" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டான் என்ற திருப்தி அத்தைக்கு, காய் உங்களுக்கு.

தீபாவளிக்கு வரும் பத்துப் பெட்டியிலும் ஒவ்வொன்று எடுக்காமல், எது நிஜமாகவே நல்ல நெய்யில் செய்தது என்று பார்த்து அதில் ஒரு துண்டு. சாதாரண லட்டு நாலைத் தின்று தீர்ப்பதைவிட வாயில் கரையும் ஒரு மைசூர்பாகு போதும். மிச்சத்தை அன்றைக்கே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் இருந்தால் மறுநாள் அது 'சும்மா'வில் சேர்ந்துவிடும்.

நடை, தசை

அரை மணி நேர வேகநடையில் செலவாவது 120 முதல் 150 கலோரி. ஒரு மெதுவடை அதைச் சமன் செய்துவிடும். நடந்து முடித்த கையோடு பூங்கா வாசலில் வடையும் டீயும் சாப்பிடுபவர்களுக்கு வருடக்கணக்கில் எடை அசையாததன் ரகசியம் இதுதான். நடப்பதைச் சாப்பாட்டுக்கு அபராதம் கட்டுவதாக நினைக்க வேண்டாம். இதயத்துக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் அதற்குத் தனி வேலை உண்டு. வாரம் 150 நிமிடத்திலிருந்து 300 வரை நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் மொட்டை மாடியில் நடப்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

தசைப் பயிற்சிக்கு ஜிம் கட்டாயமில்லை. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை, 5 கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து முதுகு வளையாமல் தூக்கி வைப்பது 10 முறை. இப்படி மூன்று சுற்று. மிகச் சுலபமாகிவிட்டால் முறையைக் கூட்டுங்கள், பிறகு எடையைக் கூட்டுங்கள். முழங்கால் வலித்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டலாம்.

எங்கே தவறும்

முதல் வாரம் ஒன்றரைக் கிலோ இறங்கி, மூன்றாம் வாரம் ஒரு கிலோ ஏறினால் பதற வேண்டாம். மாவுச்சத்து குறையும்போது அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும் போகும். ஊறுகாயும் கருவாடுமாக ஒரு நாள் சாப்பிட்டால் உப்பு தண்ணீரைத் திரும்பப் பிடித்து வைக்கும். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டியும் ஏறும். வாரம் மூன்று நாள், காலைக்கடன் முடித்ததும் எடை பார்த்து, மூன்றின் சராசரியை எழுதுங்கள்.

மூன்று வாரமாகச் சராசரியும் அசையவில்லை, டேப்பும் அசையவில்லை என்றால் சனி, ஞாயிறைப் பாருங்கள். ஐந்து நாள் 350 வீதம் மிச்சம் பிடித்தது 1,750. இரண்டு நாளில் 900 வீதம் கூடினால் 1,800. கணக்கு அங்கேயே முடிந்தது.

மலச்சிக்கல் வந்தால் சோற்றைக் குறைத்த இடத்தில் காயைக் கூட்டவில்லை, தண்ணீரும் போதவில்லை. முடி கொத்தாகக் கொட்டுகிறது, படிக்கட்டு ஏறினால் தலை சுற்றுகிறது என்றால் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள். புரதத்தையும் கீரையையும் கூட்டி, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். ராத்திரி 11 மணிக்கு ஃபிரிட்ஜைத் திறக்கத் தோன்றினால், எட்டு மணிச் சாப்பாட்டில் முட்டையோ பருப்போ இருந்ததா, முந்தைய நாள் ஏழு மணி நேரம் தூங்கினீர்களா என்று யோசியுங்கள். தூக்கம் கெட்ட மறுநாள் கை இனிப்புக்கும் பொரித்ததற்குமே போகும்.

நினைத்த அளவுக்கு டேப் வந்ததும் 75 கிராம் அரிசியை 90 ஆக்கிக்கொள்ளலாம், ராத்திரி அரைத் தோசை கூட்டலாம். இரண்டு வாரம் பார்த்து, டேப் நகராவிட்டால் அப்படியே விடுங்கள். 2 செ.மீ. ஏறினால் அந்த 600 மி.லி. பாட்டிலைத் திரும்ப எடுத்து அடுப்பங்கரையில் வையுங்கள்.